கூட்டம் நிறைந்த அரங்கு ஏன் மூடப்படுகிறது?

பிடித்த இண்டி ராக் குழுவை முதன்முதலாக நேரில் கேட்ட சின்ன அரங்கு மூடப்படுகிறது என்று செய்தி வந்தால், ரசிகர் முதலில் கேட்பது ஒன்றுதான். போன மாதம்கூட டிக்கெட் கிடைக்கவில்லையே, அப்புறம் ஏன் மூடுகிறார்கள்?

நியாயமான கேள்வி. ஒரு கடையில் எப்போதும் கூட்டம் இருந்தால் அது லாபத்தில் ஓடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சின்ன இசை அரங்குகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நாற்பது வருடம் நிறைந்த கூட்டத்தோடு ஓடிய இடமும் ஒரே ஒரு நோட்டீஸில் மூடப்படலாம். இதைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: இண்டி இசைக்கு இந்த இடங்கள் ஏன் இவ்வளவு முக்கியம், ஓர் இரவு நிகழ்ச்சியின் பணம் எங்கே போகிறது, கட்டடம் யாருடையது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் நடந்தவற்றை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இண்டி என்பது முதலில் ஒரு ஏற்பாடு

'இண்டி' என்றதும் ஒருவகை கிட்டார் ஓசைதான் இன்று நினைவுக்கு வருகிறது. தொடக்கத்தில் அந்தச் சொல் ஓசையைக் குறிக்கவில்லை. 'இண்டிபென்டன்ட்', அதாவது பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராமல் தாங்களே பதிவுசெய்து, தாங்களே விற்பது என்பதுதான் அதன் பொருள். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் தன் முதல் இசைத்தட்டைத் தானே தொடங்கிய சிறு லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில், வெளியிட்டது. பெரிய நிறுவனத்தின் தயவு இல்லாமலும் இது முடியும் என்று பலருக்கு அது காட்டியது. அடுத்த சில வருடங்களில் பிரிட்டனில் ரஃப் டிரேட், ஃபேக்டரி ஆகிய லேபிள்கள் எழுந்தன. அமெரிக்காவில் டிஸ்கார்ட், டச் அண்ட் கோ, பிறகு சப் பாப், மெர்ஜ், மாட்டடோர். இந்த லேபிள்களின் விற்பனையைத் தனியாகக் கணக்கெடுக்க 1980இல் பிரிட்டனில் தனிப் பட்டியலே தொடங்கினார்கள்.

பெரிய நிறுவனம் பின்னால் இல்லையென்றால் தொலைக்காட்சி இல்லை, பெரிய வானொலி இல்லை, விளம்பரப் பணமும் இல்லை. ரசிகரிடம் போய்ச் சேர வழி இரண்டுதான்: கல்லூரி வானொலியும் நேரடி நிகழ்ச்சியும். நாலைந்து பேர், ஒரு வேன், பின்புறம் நிறையப் பெட்டிகள், ஊர் ஊராக 150 பேர் நிற்கும் அறைகள். இண்டி ராக் வளர்ந்த பாதை இதுதான். ஜார்ஜியாவின் ஏதென்ஸில் கிளம்பிய ஆர்.இ.எம். குழுவும் பல வருடம் இந்த வேன் பாதையில் ஓடித்தான் ரசிகர்களைச் சேர்த்தது. இந்த அறைகளின் வரிசையில் ஓர் ஊர் விட்டுப் போனால், அடுத்த ஊருக்குப் போகும் பெட்ரோல் செலவுக்குப் பணம் தரும் இரவு ஒன்று குறைகிறது.

சின்ன அரங்கு என்றால் எவ்வளவு சின்னது?

நிற்கும் கூட்டம் நூறு முதல் சில நூறு வரை கொள்ளும் இடத்தைத்தான் இங்கே சொல்கிறோம். நியூ ஜெர்சியின் ஹோபோகனில் இருந்த மேக்ஸ்வெல்ஸ் சுமார் 200 பேருக்கான இடம். முன்பக்கம் உணவகம், பின்பக்கம் இசைக்கான அறை. இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மோல்ஸ் 220 பேருக்கானது. கிளாஸ்கோவின் கிங் டட்ஸ் 300. ஷெஃபீல்டின் லெட்மில் ஏறக்குறைய 900 பேரைக் கொள்ளும். மற்றவற்றைவிட அது ஒரு படி மேலே.

இப்படி ஓர் அறைக்குள் நுழைந்தால் மேடை முழங்கால் உயரம்தான் இருக்கும். பாடகரின் காலடியில் ஒட்டிய பாடல் வரிசைத் தாளை முதல் வரிசையில் நிற்பவர் அப்படியே படிக்கலாம். டிரம்ஸ் ஒலிபெருக்கி வழியாக வருவதற்கு முன்பே நேராக நெஞ்சில் வந்து மோதும். பின்சுவரை ஒட்டி ஒலிப் பொறியாளர் நின்றுகொண்டிருப்பார். ஒவ்வோர் இரவும் மாறும் குழுவுக்கு ஏற்ப, கூட்டம் நிறைய நிறைய மாறும் அறையின் ஒலியை அவர்தான் சரிசெய்துகொண்டே இருக்கிறார். காலி அறையில் சரியாகக் கேட்ட குரல், இருநூறு உடல்கள் நின்றதும் மங்கிவிடும். பல வருடம் ஒரே அறையில் வேலைசெய்த பொறியாளரின் கைக்குத்தான் அது பிடிபடும். அரங்கு மூடப்படும்போது யாருடைய பட்டியலிலும் வராமல் போகும் இழப்புகளில் இதுவும் ஒன்று.

ஓர் இரவின் கணக்கு

பிரிட்டனில் 200 பேர் கொள்ளும் அரங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிக்கெட் 12 பவுண்ட், விற்றது 160. வரி விகிதமும் உரிமத்தொகை விகிதமும் உண்மையானவை. மற்ற தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

1. டிக்கெட் வசூல் 1,920 பவுண்ட். இதில் மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம் அடங்கியிருக்கிறது. அதாவது 320 பவுண்ட் அரசுக்கு. மிச்சம் 1,600.

2. பாடல் எழுதியவர்களுக்கான உரிமத்தொகை 4.2 சதவீதம், சுமார் 67 பவுண்ட். மிச்சம் 1,533.

3. முக்கியக் குழுவுக்குக் 'கேரண்டி' 800 பவுண்ட். டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய தொகை இது. முதலில் வாசிக்கும் குழுவுக்கு 100. மிச்சம் 633.

4. ஒலிப் பொறியாளர், வாசல் பணியாளர்கள், விளம்பரம், குழுவின் சாப்பாடு எல்லாம் சேர்ந்து 470. மிச்சம் 163.

5. வாடகை, மின்சாரம், காப்பீடு, வணிகச் சொத்து வரி, பழுதான மைக், கிழிந்த ஸ்பீக்கர் ஆகியவற்றில் அந்த ஓர் இரவின் பங்கு 300 என்று வைத்தால், 137 பவுண்ட் நஷ்டம்.

பத்தில் எட்டு டிக்கெட் விற்ற இரவின் நிலை இது. நல்ல இரவு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விழுந்த பள்ளத்தை நிரப்புவது பார் விற்பனை. தொழிலுக்குள் இருப்பவர்கள் இதை வெளிப்படையாகவே சொல்வார்கள்: இசை ஆளைக் கூட்டி வருகிறது, பார் வாடகையைக் கட்டுகிறது.

பார் விற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டரின் ஹஸியெண்டாவைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஃபேக்டரி லேபிளும் நியூ ஆர்டர் குழுவும் 1982இல் தொடங்கிய இடம் அது. எண்பதுகளின் கடைசியில் நாட்டிலேயே பேர்போன நடனக்கூடமாக ஆனது. வாசலில் நீண்ட வரிசை நிற்கும். ஆனால் அந்தக் காலத்துக் கூட்டம் எக்ஸ்டசி மாத்திரையோடு ஆடிய கூட்டம். அவர்கள் பீர் வாங்கவில்லை, தண்ணீர் குடித்தார்கள். நியூ ஆர்டரின் இசைத்தட்டு வருமானம் அந்த இடத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. 1997இல் அது மூடப்பட்டது. இன்றைய இளைஞர்கள் முந்தைய தலைமுறையைவிடக் குறைவாகக் குடிக்கிறார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் பாரை நம்பிக் கட்டிய கணக்கு அதனால் ஆட்டம் காண்கிறது.

தனி ஒரு கடையின் கதையாக இதை நினைக்க வேண்டாம். பிரிட்டனின் சின்ன அரங்குகளுக்காக 2014 முதல் இயங்கிவரும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வருடந்தோறும் கணக்கு வெளியிடுகிறது. 2023இல் இந்த அரங்குகளின் சராசரி லாபம் 0.5 சதவீதம். நூறு பவுண்ட் புழங்கினால் ஐம்பது பென்ஸ். 38 சதவீத அரங்குகள் நஷ்டத்தில் ஓடின. அந்த ஒரே வருடத்தில் 125 இடங்களில் நேரடி இசை நின்றுபோனது. 2024இல் நஷ்டத்தில் ஓடியவை 43.8 சதவீதம். இசை நிகழ்ச்சி என்ற ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் இந்த அரங்குகள் கைப்பணம் போட்டுத்தான் அதை நடத்துகின்றன. 2023இல் அப்படிப் போட்ட தொகை 11.5 கோடி பவுண்ட்.

பிரிட்டனில் டிக்கெட்டுக்கு 20 சதவீத வரி என்பதையும் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இதே வகை நிகழ்ச்சிக்கு ஜெர்மனியில் 7 சதவீதம், பிரான்ஸில் 5.5. மேலே போட்ட கணக்கில் வரி 5.5 சதவீதமாக இருந்திருந்தால் அந்த இரவு நஷ்டம் இல்லாமல் முடிந்திருக்கும்.

மூடப்படும் வழிகள்

லாபம் அரை சதவீதம் என்றால் கையிருப்பு என்று எதுவும் சேராது. எந்தப் பக்கத்திலிருந்து காற்று அடித்தாலும் அரங்கு சாயும். எந்தப் பக்கம் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

1. குத்தகை முடிவது

இதுதான் பெரியது. பிரிட்டனின் சின்ன அரங்குகளில் 93 சதவீதம் வாடகைக் கட்டடத்தில் இருப்பவை என்று அதே அறக்கட்டளை சொல்கிறது. சராசரியாகக் குத்தகையில் மிச்சம் இருந்தது ஒன்றரை வருடம்தான்.

நியூயார்க்கின் சிபிஜிபி இந்த வகையில் உலகறிந்த கதை. ஹில்லி கிரிஸ்டல் 1973 டிசம்பரில் பவரி தெருவில் திறந்த இடம். கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற இசை வகைகளின் முதலெழுத்துகளைக் கொண்டு பெயர் வைத்தார். வந்து சேர்ந்தவர்களோ ரமோன்ஸ், டெலிவிஷன், டாக்கிங் ஹெட்ஸ், பிளாண்டி. அன்றைய பவரி யாரும் போகப் பயப்படும் தெரு. அதனாலேயே வாடகை மலிவு. முப்பது வருடத்தில் தெருவே மாறிவிட்டது, வாடகையும் மாறியது. 2005 ஆகஸ்டில் குத்தகை முடிந்தது. 2006 அக்டோபர் 15 அன்று பாட்டி ஸ்மித் கடைசியாகப் பாடினார். பிறகு அங்கே வந்தது துணிக்கடை.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சிபிஜிபிக்கு வாடகைக்கு விட்டிருந்தது பேராசைக்கார முதலாளி அல்ல, வீடற்றவர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனம். அவர்களுக்கும் வருமானம் தேவைப்பட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தும் அரங்கு போயிற்று. வில்லனைத் தேடிக்கொண்டிருந்தால் இந்தச் சிக்கலின் மையம் பிடிபடாது. இடம் சொந்தமாக இல்லை, அவ்வளவுதான்.

லெட்மில் விஷயத்தில் சட்டமே பாடம் சொல்கிறது. பழைய மாவு ஆலை ஒன்றில் 1980இல் தொடங்கியது இந்த அரங்கு. பல்ப் குழு வளர்ந்த ஊரின் முக்கிய மேடை. 2017இல் கட்டடத்தை வாங்கியவர்கள், வேறு நகரங்களில் அரங்குகள் நடத்தும் எலெக்ட்ரிக் குழுமத்தோடு தொடர்புடையவர்கள். 2022 மார்ச்சில் வெளியேறச் சொன்னார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025இல் உரிமையாளர் பக்கம் தீர்ப்பானது. அந்த வருடம் ஜூன் மாதக் கடைசியோடு நிகழ்ச்சிகள் முடிந்தன.

நாற்பது வருடம் நடத்தியவர்களை எப்படி வெளியேற்ற முடிகிறது? இங்கிலாந்தில் 1954ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம் வணிகக் குத்தகைதாரருக்குப் புதுப்பிக்கும் உரிமை தருகிறது. உரிமையாளர் மறுக்க வேண்டுமென்றால் சட்டம் சொல்லும் ஏழு காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். ஏழாவது காரணம்: அந்த இடத்தில் நானே தொழில் நடத்தப் போகிறேன். கட்டடத்தை வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தால் இதைப் பயன்படுத்தலாம். லெட்மில் வழக்கில் காட்டியதும் இந்தக் காரணம்தான். புது உரிமையாளர் அங்கே நடத்தப் போவதும் இசை அரங்கே என்பதுதான் ரசிகர்களைக் குழப்பியது. 'அரங்கு அரங்காகவே இருக்கப் போகிறதே, என்ன பிரச்சினை?' என்று கேட்டவர்களும் உண்டு.

பிரச்சினை இழப்பீட்டில் தெரியும். இப்படி வெளியேற்றப்படும் குத்தகைதாரருக்குச் சட்டம் தரும் தொகை, வரிக்காக அந்தக் கட்டடத்துக்கு மதிப்பிட்ட தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பதினான்கு வருடத்துக்கு மேல் அங்கே தொழில் நடந்திருந்தால் அதன் இரண்டு மடங்கு. நாற்பது வருடம் உழைத்துச் சேர்த்த பேர், அந்த முகவரிக்கு வந்து பழகிய கால்கள், எந்தக் குழுவை எந்த மாதத்தில் போட்டால் ஊர் வரும் என்ற அறிவு ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சுவரோடு ஒட்டிய மதிப்பு சுவரின் உரிமையாளருக்கே போகிறது. இது சட்டப்படி சரி. ஆனால் நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2. புது அண்டை வீடும் பழைய சத்தமும்

சிகாகோவின் லவுஞ்ச் ஆக்ஸ் 1987 முதல் அமெரிக்க இண்டி ராக்கின் முக்கியமான அறைகளில் ஒன்று. பக்கத்தில் குடிவந்த ஒருவர் சத்தம் பற்றித் தொடர்ந்து புகார் செய்தார். 1996இல் டச் அண்ட் கோ லேபிள் அந்த அரங்கின் சட்டச் செலவுக்கும் இடம்மாற்றத்துக்கும் பணம் திரட்ட ஒரு தொகுப்பு இசைத்தட்டே வெளியிட்டது. அந்த மேடையில் வாசித்த குழுக்கள் பாடல்களைக் கொடுத்தன. ஆனாலும் 2000 ஜனவரியில் அரங்கு மூடப்பட்டது.

மான்செஸ்டரின் நைட் அண்ட் டே கஃபே 1991இலிருந்து இருக்கிறது. பக்கத்துக் கட்டடம் குடியிருப்பானது அதற்கு அப்புறம். கொரோனா ஊரடங்கில் எல்லாம் அமைதியாக இருந்த மாதங்களில் குடிவந்தவர்கள், அரங்கு மறுபடி திறந்ததும் புகார் கொடுத்தார்கள். 2021 நவம்பரில் நகராட்சி சத்தக் குறைப்பு நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு 2024 மே வரை இழுத்தது. நேரடி இசை தப்பியது, பின்னிரவு டிஜே நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. இரண்டரை வருட வக்கீல் செலவை அரை சதவீத லாபத்தில் கட்டுவது எப்படி என்று யோசித்தால் புரியும்: வென்றாலும் அது பாதித் தோல்விதான்.

சுவரைக் கெட்டியாக்கினால் தீராதா? பாதிதான் தீரும். தாழ்ந்த ஒலியின் அலைநீளம் பெரியது. 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர். சாதாரணச் சுவர் பாடகரின் குரலை நன்றாகத் தடுக்கும், பேஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் அவ்வளவாகத் தடுக்காது. அது சுவர், தூண், தரை வழியாக நடந்து அடுத்த வீட்டுக் கட்டிலுக்கே வந்துவிடும். வழக்கமான 'ஏ' அளவுகோலில் வைத்த ஒலிமானி தாழ்ந்த ஒலியைக் குறைத்தே காட்டும். எனவே மீட்டரில் எல்லாம் சரி என்று அரங்குக்காரர் சொல்வதும் உண்மை, தூங்க முடியவில்லை என்று குடியிருப்பவர் சொல்வதும் உண்மை. பழைய கட்டடத்தில் இதற்கு நிஜமான தீர்வு அறைக்குள் இன்னோர் அறையைத் தனியாகக் கட்டுவது. வாடகைக் கட்டடத்தில் ஒன்றரை வருடம் மட்டுமே மிச்சமிருக்கும் குத்தகைதாரர் அந்தச் செலவை எப்படிச் செய்வார்?

3. ஊர் மாறுவது

மேக்ஸ்வெல்ஸ் 1978இல் திறந்தது. ஃபீலிஸ், பாங்கோஸ், யோ லா டெங்கோ ஆகிய குழுக்களின் வீட்டு முற்றம்போல இருந்தது. யோ லா டெங்கோ பல வருடங்கள் யூதர்களின் ஹனுக்கா பண்டிகையின் எட்டு இரவும் அங்கே வாசிப்பதை வழக்கமாக வைத்திருந்தது. 2013 ஜூலை 31 அன்று மூடினார்கள். முதன்முதலில் அங்கே வாசித்த பாங்கோஸே கடைசி இரவும் வாசித்தது. நோட்டீஸோ வழக்கோ காரணமல்ல. குத்தகை புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. ஹோபோகனில் கார் நிறுத்த இடமில்லை. குடியிருப்போரும் மாறிவிட்டார்கள். நடத்தியவர்கள் நிதானமாக யோசித்து முடித்துக்கொண்டார்கள். எல்லா மூடலும் போர் அல்ல.

4. செலவு ஏறுவதும் உரிமமும்

பாத் நகரின் மோல்ஸ் 45 வருடம் ஓடி 2023 டிசம்பரில் மூடப்பட்டது. கட்டட உரிமையாளரோடு தகராறு எதுவும் வெளியே வரவில்லை. செலவு வரவைத் தாண்டிவிட்டது, அவ்வளவே. பிரிட்டனில் 2025 ஏப்ரலில் வணிகச் சொத்து வரிச் சலுகை 75 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தது. பணியாளர்களுக்காக முதலாளி கட்டும் காப்பீட்டுப் பங்கு 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆக ஏறியது. மெல்போர்னின் தி டோட் 2010 ஜனவரியில் மூடப்பட்டது மது உரிம நிபந்தனைகளால். நேரடி இசை நடத்தும் இடம் அபாயம் கூடிய இடம் என்று வகைப்படுத்தி, கூடுதல் காவலாளிகளை வைக்கச் சொன்னார்கள். அந்தச் சம்பளத்தைச் சின்ன அறை தாங்கவில்லை.

'வேறு இடத்தில் வாசித்தால் போகிறது' என்பது ஏன் சரியில்லை

இசை உலகில் அரங்குகள் ஓர் ஏணி. 100, 300, 1,000, 5,000, 20,000 என்று படிகள். ஒரு குழு மேலே ஏறும்போது பணம் மேல்படிகளில் கிடைக்கிறது. கீழ்ப்படியில் ரிஸ்க் எடுத்தவருக்கு அதில் பங்கு வராது.

1993 மே மாதக் கடைசியில் கிளாஸ்கோவின் கிங் டட்ஸில் யாருக்கும் தெரியாத ஒயாசிஸ் குழு வாசித்தது. கிரியேஷன் லேபிளின் ஆலன் மெகீ அங்கே இருந்தார், அவர்களை ஒப்பந்தம் செய்தார். மூன்றே வருடத்தில் அந்தக் குழு நெப்வொர்த்தில் இரண்டு இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் முன்னால் பாடியது. அந்த இரவு மேடை கொடுத்த அறையின் வருமானம் டிக்கெட்டும் பாரும் மட்டும்.

கீழ்ப்படி உடைவதன் விளைவு ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிறது. பிரிட்டனின் சின்ன அரங்குச் சுற்றுப்பயணம் 1994இல் சராசரியாக 22 நிகழ்ச்சிகள் கொண்டது. 2024இல் 11. பாதி! குழுக்கள் பெருநகரங்களுக்கு மட்டும் வருகின்றன. நடுத்தர ஊரில் இருக்கும் பதினேழு வயதுப் பெண் ரயில் ஏறி இரவு தங்க வேண்டியிருந்தால், போகவே மாட்டாள். அவள் பார்க்காத நிகழ்ச்சியால் தொடங்கப்படாத குழு எத்தனை என்று எந்த அறிக்கையும் சொல்ல முடியாது.

என்ன செய்து பார்க்கிறார்கள்

மாற்றத்தைக் கொண்டுவருபவரே பொறுப்பு. 'ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச்' என்ற இந்தக் கொள்கை எளிது. ஏற்கெனவே இருக்கும் அரங்கின் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுபவர் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். வீட்டின் பக்கத்தில் புது அரங்கு வந்தால் அரங்கு ஏற்க வேண்டும். தி டோட் மூடப்பட்டதை எதிர்த்து 2010 பிப்ரவரியில் மெல்போர்ன் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். அந்த அரங்கு அதே வருடம் மறுபடி திறந்தது. விக்டோரியா மாநிலம் 2014இல் இந்தக் கொள்கையைத் திட்டமிடல் விதியாக்கியது. இங்கிலாந்து 2018இல் தேசியத் திட்டமிடல் கொள்கையில் சேர்த்தது. இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இது புதுக் கட்டுமான அனுமதிக்குத்தான் உதவும். இருபது வருடம் முன்பே கட்டிய வீட்டில் நேற்றுக் குடிவந்தவரின் புகாரை நிறுத்தாது. வாடகையை ஒரு பைசாகூடக் குறைக்காது.

மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்குப் பணம். பிரான்ஸில் பாப், ராக் நிகழ்ச்சிகளின் டிக்கெட் வசூலில் 3.5 சதவீதம் இசைத்துறைக்கே திரும்புகிறது. பிரிட்டனில் 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழு ஒன்று, பெரிய அரங்குகள், ஸ்டேடியங்களின் டிக்கெட் வசூலில் ஒரு பங்கைச் சின்ன அரங்குகளுக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. அரசும் அந்த நவம்பரில் ஆதரித்தது, ஆனால் விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்ற அளவில். என்டர் ஷிகாரி குழு 2024 சுற்றுப்பயணத்திலேயே டிக்கெட்டுக்கு ஒரு பவுண்ட் கொடுத்தது. கோல்ட்பிளே 2025 பிரிட்டன் ஸ்டேடியம் நிகழ்ச்சிகளின் வருமானத்தில் பத்து சதவீதம் தருவதாக அறிவித்தது. இது விருப்பமாக இருக்கும்வரை கொடுப்பவர் கொடுப்பார், மற்றவர் தள்ளிப்போடுவார். சட்டமாக்கினால்தான் சரியாகும் என்பது என் கருத்து.

கட்டடத்தையே வாங்குவது. மூன்றிலும் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான், ஏனென்றால் நோயின் வேரைத் தொடுகிறது. மியூசிக் வென்யூ டிரஸ்ட் 2022இல் ரசிகர்களிடம் பங்கு விற்று ஒரு கூட்டுறவுபோன்ற அமைப்பைத் தொடங்கியது. அது 2023 அக்டோபரில் ஆதர்டன் என்ற சிற்றூரில் நூறு பேர் மட்டுமே கொள்ளும் தி ஸ்னக் அரங்கின் கட்டடத்தை வாங்கியது. நடத்துபவர்கள் மாறவில்லை, உரிமையாளர் மட்டும் மாறினார். பிறகு பிரெஸ்டனின் தி ஃபெரட், நியூபோர்ட்டின் லெ பப் என்று தொடர்ந்தது. மெல்போர்னிலும் தி டோட் 2023இல் விற்பனைக்கு வந்தபோது, கட்டடத்தை வாங்க முன்வந்தவர்களுக்கு ரசிகர்கள் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டித் தந்தார்கள்.

மூடல் செய்தியைப் படிக்கும்போது

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். நடப்பது என்ன என்று தெளியும்.

1. கட்டடம் யாருடையது, குத்தகை எப்போது முடிகிறது? பெரும்பாலும் செய்தியின் ஐந்தாவது பத்தியில் ஒளிந்திருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

2. நின்றது நிறுவனமா, முகவரியா? கடன் தாங்காமல் நிறுவனம் முடிந்ததென்றால் வேறு யாராவது அதே அறையை எடுத்து நடத்தலாம். முகவரி போனதென்றால், நடத்தியவர்கள் வேறு இடம் தேட வாய்ப்பு உண்டு. ரசிகர்களின் பணம் எதற்கு உதவும் என்பது இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்தது.

3. நன்கொடை கேட்கிறார்கள் என்றால் எதற்கு? வக்கீல் செலவுக்கா, பாக்கி வாடகைக்கா, கட்டடம் வாங்கவா? பாக்கி வாடகைக்குத் திரட்டும் பணம் சில மாதம் வாங்கித் தரும். கட்டடத்துக்குத் திரட்டுவது தலைமுறைக்கு.

4. நகராட்சி கையில் முடிவு இருக்கிறதா? சத்தம், உரிமம், கட்டுமான அனுமதி என்றால் உண்டு. ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதியும் இருக்கும். கையெழுத்து இயக்கத்தைவிடத் திட்ட எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய தனிக் கடிதங்களுக்கு அங்கே எடை அதிகம். தனியார் இருவருக்கு இடையிலான குத்தகை என்றால் நகராட்சியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

5. பெயர் யாரிடம் இருக்கிறது? ஹஸியெண்டா இடிக்கப்பட்டு, அதே பெயரில் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. லெட்மில்லில் கட்டடம் உரிமையாளரிடம் போனது, லெட்மில் என்ற பெயர் இத்தனை வருடம் நடத்தியவர்களிடமே நின்றது. அந்தச் சுவர்களுக்குள் இனி வரும் அரங்குக்கு வேறு பெயர்தான்.